அப்பா, மாருதி, ஒரு ஓட்டை!

உங்க வீட்ல பழைய கார் இருக்கா? இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் நேரா போய் சீட்டுக்கு முன்னால கிடக்கிற மேட்டைத் தூக்கிப் பாருங்க. கார் இல்லையா? பைக் இருக்குமே! மட்கார்டுக்கு உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க. எதுக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி, என் சோகக் கதையைக் கேளுங்க.

எங்க வீட்டு கார் 2003 மாடல் மாருதி 800. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியோட தயாரிப்பு நின்னுபோன அதே வண்டிதான். கலர் வெள்ளை (ஒரு காலத்துல!). என்னைவிட ரெண்டு வயசு மூத்ததுங்கிறதால அம்மா அதை 'உங்க அண்ணன்'னுதான் சொல்வாங்க. அண்ணன் முதல் பத்து வருஷம் இருந்தது கொட்டிவாக்கத்துல, கடலுக்கு நாலு தெரு தள்ளி. அப்புறம் வேளச்சேரிக்குக் குடி வந்தோம். சென்னைக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. பத்து வருஷம் உப்புக் காத்து, 2015 வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை... அண்ணன் பார்க்காத தண்ணியே இல்லை!

2024 கோடை லீவுல அப்பாவோட பிறந்தநாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு 4,000 ரூபாய் கையில இருந்தது. சட்டை எடுத்துக் கொடுத்தா பீரோவுல வெச்சுப் பூட்டிடுவார். சரி, அவரோட செல்லப் பிள்ளைக்கே ஏதாவது செய்வோம்னு, காருக்கு அண்டர்பாடி கோட்டிங் அடிச்சுக் கொண்டு வந்தேன். ஒரு கடையில விட்டேன். தண்ணி அடிச்சாங்க, கொஞ்ச நேரம் காயவிட்டாங்க, கறுப்பா எதையோ ஸ்ப்ரே பண்ணாங்க. ரெண்டே மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. 'என்ன ஒரு ஸ்பீடு!'னு நான் வேற பாராட்டிட்டு வந்தேன். அப்பா குனிஞ்சு பார்த்துட்டு, 'டேய், ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி இருக்குடா!'ன்னார். அபார்ட்மென்ட்ல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொன்னார். எனக்குக் கால் தரையில இல்லை.

2025 அக்டோபர். நல்ல மழை. அப்பா ஓட்ட, அம்மா முன் சீட்டுல, நான் பின்னால. ரோட்ல தேங்கியிருந்த தண்ணியில வண்டி இறங்குச்சு. 'ஐயோ!'னு அம்மா காலைத் தூக்கிக்கிட்டாங்க. புடவையில முழங்கால் வரைக்கும் சேறு. அப்பா கூலா, 'ஜன்னல் வழியா அடிச்சிருக்கும்'னார். ஜன்னல் ஃபுல்லா மூடியிருந்தது!

வீட்டுக்கு வந்ததும் மேட்டைத் தூக்கினேன். அடியில ஒரு ரப்பர் ஷீட். அதைத் தூக்கினா, பழைய எவர்சில்வர் தட்டு ஒண்ணு. அதையும் தூக்கினா... பார்க்கிங் தரை தெரியுது! கை நுழையுற அளவுக்கு ஓட்டை.

அந்தத் தட்டு நாலு மாசமா கிச்சன்ல காணோம்னு அம்மா தேடிக்கிட்டிருந்த தட்டு. அப்ப, அப்பாவுக்கு நாலு மாசமா விஷயம் தெரியும். 'ஏம்ப்பா சொல்லலை?'னு கேட்டேன். செருப்பை மாட்டிக்கிட்டு, 'பால் வாங்கணும்'னு கிளம்பிட்டார்.

அடுத்த நாள் நானே எங்க ஏரியா டிங்கரிங் அண்ணன்கிட்ட வண்டியைக் கொண்டு போனேன். ரேம்ப்புல ஏத்தினார். அழகா கறுப்பா இருந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால ஒரு தட்டு தட்டினார். அப்பளம் மாதிரி உடைஞ்சு கொட்டுச்சு. கதவுக்குக் கீழ ஓடுற பாக்ஸ்ல ஒரு இடத்தைச் சுரண்டிக் குத்தினார். டீ டிகாஷன் கலர்ல தண்ணி சொட்டு சொட்டா இறங்குச்சு.

'தம்பி, இது தண்ணி வடியறதுக்காக கம்பெனியே விட்ட ஓட்டை. கோட்டிங்கை அடிச்சு அதை அடைச்சுட்டாங்க. உள்ள போன மழைத்தண்ணி வெளிய வர வழியில்ல. துரு மேல கோட்டிங் அடிக்கிறது, சாக்கடை மேல கோலம் போடுற மாதிரி. பார்க்க நல்லாத்தான் இருக்கும்...'

அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுபோச்சு, அப்பா ஏன் நாலு மாசம் தட்டை வெச்சு ஓட்டினார்னு. ஓட்டையைப் பத்திச் சொன்னா, பையன் ஆசையா கொடுத்த கிஃப்ட்தான் காரைத் தின்னுச்சுன்னும் சொல்லியாகணும். அதுக்கு அவருக்கு மனசு வரலை. அவ்வளவுதான்.

ஆனா ஃப்ரெண்ட்ஸ், பாசம் வேற, பாதுகாப்பு வேற. மாருதி 800-ல லாரிக்கு இருக்கிற மாதிரி தனியா சேஸிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டு பாக்ஸ், மேல்கூரை எல்லாம் சேர்ந்த கூடுதான் வண்டியோட எலும்பு. சீட் போல்ட், சீட் பெல்ட், சஸ்பென்ஷன் எல்லாம் அந்தத் தகரத்தைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. அது உளுத்துப்போனா, மோதுற நேரத்துல பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்லாம போகலாம். அந்த சீட்டுல உட்கார்ந்துக்கிட்டிருந்தது எங்கம்மா!

கொஞ்சம் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியை ஞாபகப்படுத்திக்குங்க (ஓடாதீங்க பாஸ், ரெண்டே நிமிஷம்தான்!). துருங்கிறது ஒரு குட்டி பேட்டரி. இரும்போட ஒரு இடம் ஆனோடு, பக்கத்து இடம் கேத்தோடு. நடுவுல கரன்ட்டைக் கடத்த ஈரம் வேணும். வெறும் தண்ணியைவிட உப்புத் தண்ணி நல்லாக் கடத்தும். அதனாலதான் கடலோரத்துல துருவுக்கு ஜெட் வேகம். போதாக்குறைக்கு, கடல் உப்பு காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும். அலுமினியத்து மேல படியற ஆக்சைடு அதுக்கே கவசம். இரும்புத் துரு அப்படியில்லை. பொறபொறன்னு பூத்து, உரிஞ்சு, அடுத்த லேயருக்கு வழிவிடும்.

கடல் காத்தோட பவர் தெரியணும்னா பாம்பன் பாலத்தைப் பாருங்க. 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருகிட்டேயிருந்து காப்பாத்த பெயின்ட் வேலை ஓயாம நடந்துக்கிட்டே இருந்தது. கடைசியில 2022 டிசம்பர்ல அதுல ரயிலை நிறுத்திட்டாங்க. புது பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தாச்சு. காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல அரிப்பைப் பத்தியும் ஆராய்ச்சி பண்றாங்க. எங்க அண்ணன் எல்லாம் எம்மாத்திரம்!

சரி, மேட்டருக்கு வருவோம். டிங்கரிங் அண்ணன் செஞ்ச வைத்தியம் இதுதான். முதல்ல சீட், மேட், கார்ப்பெட் எல்லாத்தையும் கழட்டி, பேட்டரி கனெக்‌ஷனை எடுத்தார். பழைய கறுப்புக் கோட்டிங்கை முழுசா சுரண்டினார். உளுத்த தகரத்தைச் சுத்தமா வெட்டி எடுத்துட்டு, புதுத் தகரம் வெச்சு வெல்டிங். மேலாக மட்டும் துரு பிடிச்ச இடங்கள்ல கம்பி பிரஷ், உப்புத்தாள். மிச்ச துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். அப்புறம் ஜிங்க் பிரைமர். இரும்புக்கு முன்னால துத்தநாகம் தன்னையே அரிக்கக் கொடுத்துக்குமாம். (எவர்சில்வர் தட்டு வெச்ச ஒருத்தர் ஞாபகம் வந்தது.) தகரத்துக்குத் தகரம் சேருற ஜாயின்ட்ல சீலர். அது எல்லாம் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் அண்டர் கோட்டிங். சைலன்சர், பிரேக், ஹேண்ட் பிரேக் கேபிள், வடிகால் ஓட்டைகள்... இதுல எதுலயும் கோட்டிங் படாம மறைச்சு வெச்சு அடிச்சார். கடைசியா பாக்ஸுக்கு உள்ள மெழுகு ஸ்ப்ரே. அஞ்சு நாள் வேலை, 14,000 ரூபாய்!

'பழைய என்ஜின் ஆயிலை அடிச்சா துரு பிடிக்காது'ன்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. வேண்டாம். ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், மண்ணை இழுத்து அப்பிக்கும், பிரேக்ல பட்டா வம்பு, ரோட்ல சொட்டினா ஊருக்கும் கேடு.

இப்ப வீட்ல புது ரூல்ஸ். பீச்சுக்குப் போயிட்டு வந்தா, காருக்கு அடியில நல்ல தண்ணி. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட் எல்லாம் மொட்டை மாடியில காயும். மழைக்காலம் முடிஞ்சதும் சக்கரத்துக்கு மேல அப்பியிருக்கிற சேறு காலி. அது காயாம கிடந்தா ஈரத் துணி சுத்தி வெச்ச மாதிரிதான். வடிகால் ஓட்டையை ஒரு கம்பியால குத்திவிடுறது என் டியூட்டி. பெயின்ட்ல சின்னக் கொப்புளம் தெரிஞ்சா, உடனே அண்ணன்கிட்ட. அடியில படுத்துப் பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில போகவே போகாதீங்க. ரேம்ப்புல ஏத்துங்க, இல்லேன்னா ஸ்டாண்டு கொடுங்க.

வண்டி ரெடியானதும் அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். ரேம்ப்புக்குக் கீழ நின்னு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். நான்தான் ஆரம்பிச்சேன். 'ஸாரிப்பா. அன்னிக்கு நான் அடிச்சது...'

'நீ நல்லதுக்குத்தானே செஞ்ச.'

'அதைச் சொல்லியிருக்கலாமேப்பா.'

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், 'நீ அந்த எட்டாவது செமஸ்டர்... இல்ல, நாலாவது செமஸ்டர் அரியரைச் சொன்னியா?'ன்னார்.

ஆடிப்போயிட்டேன் மக்களே! மேட்டுக்கு அடியில அவர் தட்டு வெச்ச மாதிரி, நான் மார்க் ஷீட்டை ஃபைலுக்கு அடியில வெச்சிருந்தேன். அவருக்கு அதுவும் தெரிஞ்சிருக்கு. கார்ல வீட்டுக்கு வர்ற வழியிலேயே எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டு விழுந்துச்சுதான். ஆனா, மனசு லேசாயிடுச்சு.

தட்டு இப்ப கிச்சன்ல இருக்கு. அம்மா அதுல யாருக்கும் சாப்பாடு போட மாட்டேங்கிறாங்க. அது வேற விஷயம்.

சரி, எங்க கிளம்பிட்டீங்க? முதல்ல போய் மேட்டைத் தூக்குங்க!