கதவில்லாத வீட்டில் சிவப்புத் துணி

மல்யுத்தப் பைத்தியமா நீங்க? ‘தி ராக்’னு சொன்னதும் ஒத்தைப் புருவம் தானா மேலே ஏறுதா? அப்படின்னா சமோவா உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிஞ்ச ஊர்தான் பாஸ். அவரோட அம்மா வழிச் சொந்தங்களின் மண் அது. 2004-ல் அங்கே போனவருக்கு ‘செயூலி’ங்கிற தலைவர் பட்டமே கொடுத்து அனுப்பினாங்க.

மேப்பை விரிச்சுத் தேடினா சட்டுனு கிடைக்காது. பசிபிக் கடலில் ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் பாதி வழியில ரெண்டு பெரிய புள்ளி, சுத்தி சில பொடிப் புள்ளி. பெரிய புள்ளிகளின் பெயர் உபோலு, சவாயி. தலைநகரம் ஆப்பியா, உபோலுவில் இருக்கு. மொத்த நாட்டு ஜனத்தொகையே சுமார் 2 லட்சம்தான். நம்ம ஊர்ல ஒரு சின்ன மாநகராட்சிக்கே அவ்வளவு பேர் இருப்பாங்க!

சின்ன நாடுதான், ஆனா முடிவு எடுத்தா அதிரடிதான். 2009-ல் ஒருநாள் காலையில, இதுவரைக்கும் ரோட்டில் வலது பக்கம் ஓட்டினவங்க எல்லாரும் இனிமே இடது பக்கம்னு மாத்திட்டாங்க. 2011-ல் இன்னும் ஒரு படி மேலே போய் டிசம்பர் 30-ஐ காலண்டரிலிருந்தே தூக்கிட்டாங்க. 29-ம் தேதி ராத்திரி படுத்தவங்க எழுந்தது 31-ல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கூட ஒரே தேதியில் வியாபாரம் பண்ணணுமாம். செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்கு இப்படி ஒரு வரம் கிடைச்சா எப்படி இருக்கும்னு நீங்க யோசிக்கிறது புரியுது... மேலே போவோம்.

ஆக்லாந்து வழியாவோ, ஃபிஜியின் நாடி வழியாவோ பறந்து வந்து இறங்கியாச்சு. முதல்ல ஒரு டவுன் பஸ் ஏறுங்க. மரத்தாலான பாடி, கண்ணைப் பறிக்கிற பெயின்ட், காதைக் கிழிக்கிற பாட்டு. நம்ம மினி பஸ் ஞாபகம் வரலைன்னாத்தான் ஆச்சரியம். ஒரே ஒரு வித்தியாசம். இடம் இல்லைன்னா அங்கே யாரும் ‘ஹவுஸ்ஃபுல்’னு சொல்றதில்லை. உட்கார்ந்திருக்கிறவர் மடியில இன்னொருத்தர் உட்கார்ந்துக்குவார். முன்னப்பின்ன தெரியாத ஆள் மடியில நீங்க, உங்க மடியில யாரோ வீட்டுக் குழந்தை. யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

பஸ் ஜன்னல் வழியா வீடுகளைப் பாருங்க. பழைய முறையில கட்டின வீட்டுக்கு ‘ஃபாலே’னு பேரு. வட்டமா தூண்கள், மேலே கவிழ்த்த கூடை மாதிரி கூரை... அவ்வளவுதான். சுவர் கிடையாது, கதவு கிடையாது. மழை அடிச்சா தென்னை ஓலைத் தட்டியை இறக்கி விடுவாங்க. உள்ளே யார் தூங்குறாங்க, யார் சாப்பிடுறாங்கன்னு தெருவுக்கே தெரியும். இப்போ சுவர் வச்ச வீடும் நிறைய வந்தாச்சு, ஆனாலும் பழைய பழக்கம் போகலை. அப்புறம் இன்னொண்ணு கண்ணில் படும். நிறைய வீட்டு முற்றத்தில் சிமென்ட் பூசின கல்லறை இருக்கும். செத்துப்போன தாத்தா பாட்டியைத் தூரமாக் கொண்டுபோய்ப் புதைக்க மாட்டாங்க, வீட்டு வாசலிலேயே வச்சுக்குவாங்க.

2019 முடியும்போது அந்த முற்றங்களில் புதுசா எழும்பின கல்லறைகளில் பல, நீளம் ரொம்பக் கம்மி. உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்ததே அந்தக் கதையைச் சொல்லத்தான்.

மீசில்ஸ். நம்ம பாட்டிகள் மணல்வாரின்னு சொல்ற தட்டம்மை. காய்ச்சல், இருமல், சிவந்த கண், அப்புறம் உடம்பு முழுக்க மணலைத் தூவின மாதிரி தடிப்பு. ‘அது எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதானே’னு நம்ம வீடுகளில் இன்னும் அசால்ட்டா பேசுறாங்க. விஷயம் அவ்வளவு லேசு இல்லை. ஒரு அறையில் நோயாளி இருமிட்டு எழுந்து போயிட்டாலும் 2 மணி நேரம் வரைக்கும் கிருமி காற்றிலேயே நிக்கும். தடிப்பு வர்றதுக்கு 4 நாள் முன்னாடியே மத்தவங்களுக்குத் தொத்த ஆரம்பிச்சிடும், அதாவது இது மீசில்ஸ்னு தெரியறதுக்கு முன்னாடியே. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒருத்தரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும்னு சொல்றாங்க. இப்போ அந்த பஸ்ஸையும், சுவரில்லாத வீட்டையும் மறுபடி நினைச்சுப் பாருங்க.

தடுப்பூசி இருக்கே, போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. அங்கேதான் சிக்கல். 2018 ஜூலையில் சவாயி தீவில் எம்.எம்.ஆர். ஊசி போட்ட சில நிமிஷத்தில் ரெண்டு குழந்தைகள் இறந்துபோச்சு. ரெண்டுமே ஒரு வயசுக் குழந்தை. மருந்தில் தப்பு இல்லை. பொடியாக இருக்கும் அந்த மருந்தைக் கரைக்க அதுக்குன்னே ஒரு திரவம் உண்டு. அதுக்குப் பதிலா காலாவதியான மயக்க மருந்தை எடுத்துக் கலந்துட்டாங்க. ரெண்டு நர்ஸுக்கு ஜெயில் தண்டனை கிடைச்சது. ஆனா கோர்ட்டு உண்மையைக் கண்டுபிடிச்சு வெளியே சொல்றதுக்குள்ள வதந்தி ஊரைச் சுத்தி வந்துடுச்சு. அரசாங்கமும் அந்த ஊசியை மாசக்கணக்கில் நிறுத்தி வச்சது. திரும்ப ஆரம்பிச்சபோது கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர அம்மாக்களுக்குத் தைரியம் இல்லை. அந்த வருஷம் முதல் டோஸ் போட்டது மூணு குழந்தைக்கு ஒண்ணு என்கிற அளவில்தான். மீசில்ஸைத் தடுக்க 100-க்கு 95 பேராவது போட்டிருக்கணும்.

அந்த அம்மாக்களைத் திட்டத் தோணுதா? நான் திட்ட மாட்டேன். 2008 ஏப்ரலில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்தபோது இங்கேயும் அதே பயம்தான் பரவுச்சு. 2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? உங்கள்ல நிறைய பேர் அப்போ ஸ்கூல் யூனிஃபார்மில் வரிசையில நின்னு மீசில்ஸ்-ரூபெல்லா ஊசி போட்டவங்கதான். ‘போடாதீங்க’னு வாட்ஸ்அப்பில் ஆடியோ பறந்ததும், சில அப்பா அம்மா அன்னிக்குப் பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்பாததும் மறந்திருக்காது.

சமோவாவில் 2019 அக்டோபர் 16 அன்று நோய் பரவுதுன்னு அறிவிச்சாங்க. அக்கம்பக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அந்த வருஷம் மீசில்ஸ் பரவிட்டிருந்தது, ரெண்டு ஊருக்கும் தினசரி போக்குவரத்து. ஆனா பெரிய அளவில் ஊசி போட ஆரம்பிச்சது நவம்பர் 20-ல். ஒரு மாசத்துக்கு மேல போயிடுச்சு! காற்றில் 2 மணி நேரம் நிக்கிற கிருமிக்கு ஒரு மாசம் கொடுத்தா என்னாகும்? ஆப்பியா ஆஸ்பத்திரி நிரம்பி வழிஞ்சது. ஒரே குடும்பத்தில் மூணு குழந்தைகளைப் பறிகொடுத்தவங்க உண்டு. குழந்தை அளவுச் சவப்பெட்டிகள் நியூசிலாந்திலிருந்து வந்தன. நடுவில் நாட்டு வைத்தியம், விசேஷத் தண்ணீர் தெளிக்கிற வைத்தியம்னு நம்பிப்போய், மூச்சுத் திணற ஆரம்பிச்ச பிறகுதான் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவங்களும் இருந்தாங்க.

அந்த ஊர்ப் பெரியவங்களுக்கு இது இன்னொரு பழைய கதையைக் கிளறிவிட்டிருக்கும். 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து ‘தலுனே’னு ஒரு கப்பல் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் இன்ஃப்ளூயன்ஸா. அப்போ ஆட்சி நியூசிலாந்து கையில். தனிமைப்படுத்தாம பயணிகளை இறக்கி விட்டாங்க. சுமார் 8,500 பேர் செத்தாங்க, அன்றைய ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல. பக்கத்திலேயே அமெரிக்காவின் கையில் இருந்த இன்னொரு சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தினதால அங்கே ஒரு உயிர்கூடப் போகலை. 2002-ல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

சரி, 2019-க்குத் திரும்புவோம். நவம்பர் 15-ல் அவசரநிலை. ஸ்கூல் எல்லாம் மூடியாச்சு, 17 வயசுக்குக் கீழே யாரும் கூட்டத்துக்கு வரக்கூடாது, தடுப்பூசி கட்டாயம். அதுக்கப்புறம் வந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச பகுதி. டிசம்பர் 5, 6. ரெண்டு நாள் நாட்டையே பூட்டினாங்க. கடை இல்லை, ஆபீஸ் இல்லை, காலை 7 மணி முதல் சாயங்காலம் 5 வரை ரோட்டில் வண்டி ஓடக்கூடாது. அந்தக் கலர் பஸ் எல்லாம் ஷெட்டில். எல்லாரும் வீட்டிலேயே இருங்க, ஊசி போடாதவங்க இருந்தா வாசலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்க, நாங்க வர்றோம்னு அரசாங்கம் சொன்னது.

கேட்டிலும் வேலியிலும் மரத்திலும் தூணிலும் சிவப்பு. கொடி எதுக்கு வாங்கணும்? கிழிஞ்ச லுங்கி, பழைய டி-ஷர்ட், கையில் கிடைச்ச துணியைக் கட்டினாங்க. நூத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் வீடு வீடாப் போச்சு. இதில் நீங்க கவனிக்க வேண்டிய விஷயம், குழுவில் இருந்தவங்க எல்லாரும் டாக்டரோ நர்ஸோ இல்லை. ஊசி போட ஒருத்தர் போதும். மத்தது எல்லாம் வேற வேலை. வண்டி ஓட்டணும், ஐஸ் பெட்டி சூடாகாமப் பார்த்துக்கணும், பெயரும் வயசும் எழுதணும், அழுற குழந்தையைப் பிடிச்சுக்கணும், ‘போன வருஷம் ரெண்டு குழந்தை செத்துச்சே’னு கேக்கிற பாட்டிக்குத் திண்ணையில உட்கார்ந்து பதில் சொல்லணும். அரசாங்க ஆபீஸ் ஊழியர்களை அப்படியே இந்த வேலைக்கு இறக்கிட்டாங்க. செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்களும் கிராமங்களுக்குப் போனாங்க. ஹவாயிலிருந்து ஒரு விமானம் நிறைய டாக்டர், நர்ஸ் வந்து இறங்கினாங்க. கூட்டிட்டு வந்தவர் அன்றைய துணை கவர்னர் ஜாஷ் கிரீன், அவரே ஒரு அவசர சிகிச்சை டாக்டர். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வந்தாங்க.

இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிஞ்சது? போலீஸ் பயம் ஒரு காரணம், மறைக்கலை. ஊசிக்கு எதிராப் பிரசாரம் பண்ணின ஒருத்தரை அதே நாளில் கைதும் பண்ணினாங்க. ஆனா அது மட்டும் காரணம்னு எனக்குத் தோணலை. சமோவா கிராமத்தில் ஒரு சாயங்காலம் தங்கிப் பாருங்க, புரியும். இருட்டுற நேரத்தில் சங்கு ஊதுவாங்க. அது ஜெப நேரம், ரோட்டில் யாரும் நடக்கக்கூடாது. நடக்காமப் பார்த்துக்கிறது ஊர் இளைஞர்கள். ‘ஆவுமாகா’னு பேரு, பட்டம் இன்னும் வாங்காத பசங்க கூட்டம். ஊர் வேலை எதுவா இருந்தாலும் அவங்க தோளில்தான். உங்க வயசுப் பசங்கதான் பாதிப் பேர். பெண்கள் பக்கம் தனிக் கமிட்டி. 1920-கள்லேர்ந்து வீடு சுத்தமா இருக்கா, குழந்தைக்கு எடை ஏறுதான்னு பார்த்துட்டு வர்ற கமிட்டி அது. ஊர் ஒண்ணா வீட்டில் உட்காருறதும், வாசலுக்கு வர்றவங்களை உள்ளே விடுறதும் அவங்களுக்குப் புதுசு இல்லை. ரெண்டு நாள் பூட்டு, பகல்ல ஊதின ஒரு நீண்ட சங்கு மாதிரிதான் இருந்திருக்கும்.

அப்புறம் அந்தத் துணி. நம்ம ஊர்ல அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுறோம். ‘உள்ளே வராதே’ன்னு அர்த்தம். அங்கே கட்டின சிவப்புத் துணிக்கு அர்த்தம் நேர் எதிர்... ‘சீக்கிரம் உள்ளே வா’. பயந்துபோய் ஒரு வருஷமா ஊசியை ஒதுக்கி வச்ச அம்மா, தன் கையாலேயே அதைக் கட்டணும். ஊரே பார்க்கும். அந்த முடிச்சைப் போடும்போது அவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

டிசம்பர் கடைசியில் அவசரநிலை முடிஞ்சபோது நாட்டில் 95 சதவீதத்தை ஒட்டி ஊசி போட்டாச்சு. கணக்கு முடிச்சபோது நோய் வந்தவங்க 5,700-க்கும் மேல. இறந்தவங்க 83 பேர். அதில் பெரும்பாலானவங்க 5 வயசு தொடாத குழந்தைகள். அதே சமயத்தில் பக்கத்து டோங்காவிலும் ஃபிஜியிலும் மீசில்ஸ் வந்துச்சு. அங்கே முன்னாடியே ஊசி போட்டிருந்தாங்க. ஒரு சாவுகூட இல்லை.

எப்போவாவது ஆப்பியா போனீங்கன்னா ஞாயித்துக்கிழமை மதியம் யார் வீட்டிலாவது சாப்பாட்டுக்கு மாட்டிக்கங்க. சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் ஊத்திச் சுட்டுத் தர்ற ‘பாலுசாமி’யை (நம்ம ஊர் ஆள் பேரு இல்லைங்க!) ஒரு பிடி பிடிங்க. வெளியே வந்து முற்றத்துக் கல்லறை பக்கத்தில் நிக்கும்போது சத்தம் போட்டுச் சிரிக்காதீங்க. திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இருக்கும். யாராவது ஒரு அம்மா ஒரு வார்த்தையும் கேக்காம தன் குழந்தையை உங்க மடியில் வச்சிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்குவாங்க. இறுக்கமாப் பிடிச்சுக்கங்க, ரோடு வளைவு ஜாஸ்தி.