ஆடி மாதத்து மணிக்கணக்கு

ஜூலை 18, 2025, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. இந்து வீட்டுக் கல்யாணங்கள் இனி ஆவணியில்தான். ஆனாலும் எங்கள் குமரி மாவட்டத்தில் ஆடி என்றால் கேமராப் பையைக் கட்டி வைத்துவிட முடியாது. சர்ச் கல்யாணங்கள் இருக்கும். அவர்களுக்கு ஓய்வு தவக்காலத்தில். இந்த வருஷம் அது மார்ச் 5 சாம்பல் புதனில் தொடங்கி ஏப்ரல் 20 ஈஸ்டர் வரை நீண்டது. ஒரு பக்கம் ஆடி, மார்கழி. மறுபக்கம் தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள். இரண்டு காலண்டரையும் சேர்த்துப் பார்த்தால்தான் குலசேகரத்தில் ஒரு வீடியோகிராபருக்கு வருஷத்தில் எத்தனை வேலை வரும் என்று சொல்ல முடியும். அது தெரியாமல் ஒரு கல்யாணத்துக்கு என்ன விலை என்று சொல்லவே வழியில்லை.

இரண்டு கேமராவில் ஒன்றைப் பிடிக்க என்னோடு சில வருஷமாக வந்துகொண்டிருந்த தம்பி இந்த ஆவணியிலிருந்து தனியாக இறங்குகிறான். அரசமூட்டில் சாயா குடிக்கும்போது கேட்டான்: "அண்ணே, நான் எவ்வளவு கேக்கணும்?"

நாலு பேர் வாங்குகிற தொகையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. ஊர் ரேட் என்று ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்குள் எத்தனை மணி நேர உழைப்பு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆடி முடிவதற்குள் கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

நேர நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், என்ன செய்தேன் என்று ஒரு வரி. டோகிள், கிளாக்கிஃபை என்று போனில் ஆப்கள் இருக்கின்றன, அவையும் நல்லவைதான். எனக்குக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே விரித்து வைத்த நோட்டு தோதாக இருக்கிறது. எழுதுகிற இடம் எதுவானாலும் சரி, எழுதுவது அந்தந்த நேரத்தில் நடக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது நினைவிலிருந்து எழுதினால் எடிட்டிங் நேரம் எப்போதும் குறைவாகத்தான் வரும். செய்யப்போகிற வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதினார்கள். முன்பு இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைப் பார்த்து மதிப்பிடுவதே அதற்கு அவர்கள் காட்டிய வழி. நோட்டு எனக்கு அதைத்தான் செய்து தருகிறது.

தம்பிக்காக ஒரு பக்கத்தைப் பிரித்து எழுதினேன். நடுத்தரமான கல்யாணம், இரண்டு கேமரா. முந்தின நாள் மாலை பெண் வீட்டில் 4 மணி நேரம், கல்யாணத்தன்று 10. ஆக ஷூட்டிங் 14 மணி நேரம். வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்ப்பது இவ்வளவுதான். அதற்குப் பிறகு: கார்டுகளிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றிச் சரிபார்க்க 2, எல்லாவற்றையும் ஓடவிட்டுத் தேர்ந்தெடுக்க 8, முழுநீள வீடியோவை வெட்டிக் கோக்க 11, ஹைலைட்டுக்கு 7, கலர் பார்த்து அவுட் எடுத்துப் பென் டிரைவில் ஏற்ற 2, கரெக்‌ஷனுக்கு 6. கூட்டினால் 36. ஷூட்டிங்கோடு சேர்த்து 50 மணி நேரம்.

கம்ப்யூட்டர் தானாக ரெண்டர் ஆகிற நேரத்தை இதில் சேர்க்கவில்லை. அதைத் தனிக் கட்டத்தில் எழுதுவேன். நான் உட்கார்ந்திருந்த நேரமும் இயந்திரம் ஓடிய நேரமும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இந்த 50 என்ற எண்ணைப் பார்த்துத் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று ஒரு அடக்க ஆராதனைக்கு லைவ் போட்டேன். பெரியவரின் இரண்டு பிள்ளைகள் வளைகுடாவில். ஒருவருக்குத்தான் டிக்கெட் கிடைத்தது.

2020-இல் ஊரடங்கு வந்து கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு போட்டபோது லைவ் எங்கள் பக்கம் பரவியது. கட்டுப்பாடு போன பிறகும் லைவ் போகவில்லை. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. கல்யாணத்தைப் பிறகு வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதைப் பிறகு என்று தள்ளிவைக்க முடியாது.

இந்த வேலைக்கு எப்படி விலை வைப்பது என்று தம்பி கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது இதைத்தான். சாவு வீட்டில் பேரம் பேச வைக்கக் கூடாது. அதனால் தொகை முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், போன் செய்கிற மருமகனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். அவசரம் என்று கூட்டிக் கேட்பதில்லை என்பது என் தீர்மானம். அதே சமயம் சும்மா செய்து தருகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற ஊர் இது. ஒரு கம்பெனி சிக்னல் கிடைக்கிற முற்றத்தில் இன்னொன்று கிடைக்காது. இரண்டு கம்பெனி சிம், மின்சாரம் போனாலும் ஓடுகிற பேட்டரி, சத்தத்துக்குத் தனி மைக் எல்லாம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். யூடியூபில் ஒரு சேனலுக்கு முதன்முதலாக லைவ் வசதியைத் திறந்தால் அது செயலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் அந்த வீட்டுக்காரர்கள் பெயரில் அன்றைக்கே சேனல் தொடங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. நம் சேனல் முன்பே தயாராக இருக்க வேண்டும். இந்தத் தயாராக இருத்தலுக்கு ஆகிற நேரம் எந்த வீட்டின் பக்கத்திலும் எழுதப்படாது. ஆனால் அது இல்லாமல் மஸ்கட்டில் இருக்கிற மகனுக்குப் படம் போய்ச் சேராது.

ஜூலை 31, வியாழன்

வருஷக் கணக்கு. என் வரவு செலவை அப்படியே எழுதாமல், தம்பிக்குப் புரியும்படி முழு எண்களாக வைத்துப் போட்டேன்.

கேமரா, லென்ஸ், கிம்பல், மைக், லைட், கம்ப்யூட்டர் எல்லாம் 6 லட்சம் என்று வைப்போம். ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும் என்றால் வருஷத்துக்கு 1,20,000. வருமான வரிக் கணக்கில் தேய்மானமாகக் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம், கேமராவுக்கு 15 சதவீதம் கழிக்கலாம், அது வரிக்கு. கல்யாண சீசனில் ஷட்டர் படுகிற பாடு வேறு. கடை வாடகை, கரண்ட், இன்டர்நெட், பைக் பெட்ரோல், ரிப்பேர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து 1,80,000. வீட்டுக்கு மாதம் 35,000 என்றால் 4,20,000. மொத்தம் 7,20,000.

டிஸ்க்கைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவும் ஆறு ஆறு மணி நேரம் பதிவு செய்தால் 540 ஜிபி. இரண்டு பிரதி வைக்கும்போது ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். ஒரே ஒரு கல்யாணத்துக்கு.

இனி நேரம். வருஷத்தில் 300 நாள், நாளைக்கு 8 மணி என்றால் 2,400. இதில் பாதியைத்தான் வேலைக் கணக்கில் எழுத முடியும். மீதி போன் பேசுவதில், விலை சொல்லிக் காத்திருப்பதில், பேட்டரி ஏற்றுவதில், பழுது பார்க்கத் திருவனந்தபுரம் போய் வருவதில், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் போய்விடும். 7,20,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய்.

50 மணி நேரக் கல்யாணத்துக்கு 30,000. இரண்டாவது கேமராக்காரர் சம்பளம் 3,000 என்றால் 33,000.

இதே வேலையை 20,000-க்கு ஒத்துக்கொண்டால் 3,000 போக 17,000, மணிக்கு 340. குறைகிற பணம் எங்கிருந்து வருகிறது? அடுத்த கேமரா வாங்குவதற்கு வைத்திருக்க வேண்டியதிலிருந்து, பிறகு தூக்கத்திலிருந்து, கடைசியில் படத்தின் தரத்திலிருந்து. நல்ல கை உள்ள எத்தனையோ பையன்கள் நாலைந்து சீசன் ஓடிவிட்டு, கேமராவைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு விசா எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. நேரத்தை எழுதி வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சென்னையில் சினிமாவுக்குக் கால்ஷீட் இருக்கிறது, பேட்டா இருக்கிறது, கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. அங்கே நேரத்துக்கு ஒரு பெயராவது உண்டு. கல்யாண வீட்டில் விடிகாலை மேக்கப்பில் தொடங்கி மறுவீடு வரைக்கும் எல்லாமே 'ஒரு நாள்'தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆவணியில் மகள் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு மாமா வந்தார். ரப்பர்க்காரர். தொகையைக் கேட்டதும், "மக்களே, ஒத்த நாளு வேலைக்கு இவ்வளவா?" என்றார். கோபமில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். விலையை நியாயப்படுத்த இதை யாரிடமும் காட்டுவதில்லை. இவர் தோட்டக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவர் என்பதால் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அவராகவே சொன்னார்: "வெட்டுக்காரன் காலையிலேயே பாலெடுத்துட்டுப் போயிருவான். அதுக்குப் பொறவு ஆசிட் விட்டு, ஒறைய வச்சு, ஷீட் அடிச்சு, காயப்போட்டு, பொகையில ஏத்தினாத்தான் சரக்கு. நீரு சொல்லுதது அதுதானே?"

அதேதான் மாமா என்றேன். ஒரு வித்தியாசத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருடைய ஷீட்டுக்குத் தரம் பிரித்து, கோட்டயத்து ரப்பர் வாரியம் நாள்தோறும் விலை வெளியிடுகிறது. எங்கள் சரக்குக்கு அப்படிப் பலகை கிடையாது. ஒவ்வொருவரும் தன் பலகையைத் தானே எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாமா ஒத்துக்கொண்டார். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அவுட்டோர் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டதைத் தனியாகப் போட்டேன். வீடியோவில் வருவது அரை நிமிஷம்; மழை பார்த்து, கூட்டம் பார்த்து, உடை மாற்றிக் காத்திருந்து எடுப்பதற்குள் அரை நாள் போகும். இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கிற பொருள் அல்ல அது.

தம்பிக்கு ஒரு தாளில் நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தேன். நோட்டு சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது கரெக்‌ஷன். எல்லை வைக்காவிட்டால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் போன் செய்வார்கள்: அத்தை முகம் இன்னும் கொஞ்சம் வரணும், அந்தப் பாட்டு வேண்டாம், சித்தப்பா மேடை ஏறினது இல்லையே. கேட்பதில் தப்பில்லை, அவர்களுடைய கல்யாணம். ஆகவே எல்லோரும் பார்த்து, ஒரே பட்டியலாக, ஒருவர் மூலம், இரண்டு முறை. அதற்கு மேல் மணிக் கணக்கில் பணம்.

அட்வான்ஸ் பாதி, கல்யாணத்தன்று கால், கையில் கொடுக்கும்போது கால். ஆல்பம் வேறு கணக்கு. ட்ரோன் வேண்டுமென்றால் பைலட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட அது வேண்டும். அந்தச் செலவும் விலைக்குள் வரவேண்டியதுதான்.

வெட்டாத காட்சிகளை எல்லாம் கொடு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நாம் எடுத்தது நம்முடையது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். எனவே எதைக் கொடுப்போம், எவ்வளவு காலம் டிஸ்க்கில் வைத்திருப்போம், நம் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்பதெல்லாம் அட்வான்ஸ் வாங்குகிற தாளிலேயே இருக்க வேண்டும். பெண்ணிடமும் கேட்க வேண்டும். அவள் முகம்தான் ஊர் பார்க்கப் போவது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி 1. தம்பி முதல் விலையைச் சொல்லிவிட்டு வந்தான். என் தொகையைச் சொல்லவில்லை. அவனுக்குக் கடை வாடகை இல்லை, கம்ப்யூட்டரும் பழையது. தன் செலவை வைத்துத் தானே வகுத்து, மணிக்கு 450 என்று எடுத்திருக்கிறான். எடிட்டிங்கில் என்னைவிட மெதுவாக இருப்பேன் என்று மணிகளைக் கொஞ்சம் கூட்டியும் போட்டிருக்கிறான். நல்ல யோசனை. மூன்று கல்யாணம் முடிந்ததும் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் இரண்டாயிரம் குறைக்கச் சொன்னார்களாம். தொகையைக் குறைக்காமல், முந்தின நாள் மாலை வேண்டாம் என்றால் குறையும் என்று சொல்லியிருக்கிறான். யோசித்து நாளைக்குச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

"போயிருவாங்களோ அண்ணே?"

போகலாம், இருக்கவும் செய்யலாம் என்றேன். நாளை காலை திருவட்டாற்றில் எனக்கு ஒரு கல்யாணம். இரண்டாவது கேமராவுக்கு அவனையே கூப்பிட்டிருக்கிறேன், அதே 3,000. அவன் பதில் சொல்லாமல் போனை எடுத்து, நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு, எத்தனை மணி நேர வேலை என்று கேட்டான்.