தொலைந்த பொருளும் தொலைந்த உயிரும்

தெமோதரை புகையிரத நிலையம் ஒரு சுரங்கப்பாதையின் மேல் அமைந்தது. எல்லவிலிருந்து வரும் வண்டி நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் நுழைந்து பதுளைக்குச் செல்லும். இதையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் படமெடுக்க வருவோர் ஏராளம். இராவணன் பெயரால் நீர்வீழ்ச்சியும் குகையும் எல்லவில் உண்டு. பயணிகளின் படங்களில் லயன் வரிசைகளும் விழும், வெறும் பின்னணியாக.

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' (2023), இந்தப் பின்னணியைப் பற்றிய படம் என்றே கொள்கிறேன். காலம் 2022, பொருளாதார நெருக்கடியில் நாடு கொந்தளிக்கிறது. இராமாயணத் தலங்களைக் காண மலையகம் வந்த இந்தியத் தம்பதியரின் கைப்பேசிகளும் மடிக்கணினியும் கொள்ளை போகின்றன. கணவன் பொலிஸாரை நெருக்குகிறான். அவர்கள் தோட்டத் தமிழர் மூவரைப் பிடித்துவந்து நிறுத்துகின்றனர். ஒருவர் உயிரிழக்கிறார்.

விதானகே சிங்களவர். போரில் மகனைப் பறிகொடுத்த பார்வையற்ற தந்தையைப் பற்றிய அவரது 'புரஹந்த களுவர' 2000 ஆம் ஆண்டில் அரசால் தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே 2001 இல் திரைக்கு வந்தது. தன் சமூகத்தைக் கேள்வி கேட்பது அவருக்குப் புதிதன்று.

"நம்மாளுக கதைய நம்மாளுக வாயால சொல்லலியே, ஐயா" என்று தெமோதரைத் தோட்ட நண்பர் ஒருவர் குறைபட்டார். நியாயமான குறைதான். ஆனால் அந்த மௌனமே படத்தின் அரசியல் என்பது என் வாசிப்பு. 1948 இல் குடியுரிமை இழந்த இம்மக்களை, 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 எனப் பங்கிட்டனர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டனர். தொழிலாளியை எவரும் கேட்கவில்லை. நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. படத்திலும் இந்தியப் பயணியும் சிங்களப் பொலிஸ் அதிகாரியும் பேசி முடிக்கிறார்கள். விலை கொடுப்பவன் தோட்டத்துத் தமிழன்.

இதில் எனக்கும் பங்குண்டு. செய்தியாளனாக இருந்த தொடக்க ஆண்டுகளில், திருட்டுச் சந்தேகத்தில் தோட்டத் தொழிலாளர் மூவர் கைதான செய்தியைப் பொலிஸார் சொன்னபடியே எழுதினேன். அவர்களுடைய லயத்துக்குப் போய் விசாரிக்கவில்லை. விடுதலையானார்களா என்று பின்தொடரவும் இல்லை. படம் பார்த்த இரவு பழைய நறுக்குகளைத் தேடி எடுத்தேன். நான்கு வரிகள். களவுபோன பொருள்களின் பட்டியல் முழுமையாக இருந்தது. மூவரில் ஒருவரின் பெயரும் இல்லை.