மலிவா, மட்டமா?

"அக்கா, 150 வெள்ளிக்குள்ள நல்ல டெக்கீலா எது?"

தீபாவளி நெருங்கும்போதும் யாருக்காவது சம்பள உயர்வு கிடைக்கும்போதும் என் புலனத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் என் தம்பி, சித்தி பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள். எல்லாரும் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். இன்று சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேலைக்குப் போகிறவர்கள். வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்தக் கேள்வியை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. 'மலிவான சரக்கு' என்பது எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையின் கதை. அதைச் சொல்லாமல் போத்தல் பெயரை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முதலிலேயே ஒன்று. குடிக்காதவர் குடிக்காமல் இருப்பதே நல்லது. அவருக்கு இதில் எந்த இழப்பும் இல்லை. எப்போதாவது ஒரு கோப்பை எடுக்கிற, 21 வயது தாண்டிய பிள்ளைகளுக்காகவும், அவர்களைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒரே கடை, ஒரே பீப்பாய்

எங்கள் தோட்டம் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம். இப்போது அங்கே ரப்பர் மரங்கள் இல்லை, செம்பனைதான். தாத்தா காலத்தில் லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கள்ளுக்கடை இருந்ததாக ஆயா சொல்வார். மலாயாவின் பல தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு உரிமம் வாங்கி நடத்தியது தோட்ட நிர்வாகமேதான். சம்பளம் கொடுத்த கையே அதில் ஒரு பகுதியைக் கள்ளாக ஊற்றித் திரும்ப வாங்கிக்கொண்டது. நல்லது எது, கெட்டது எது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் தொழிலாளி இல்லை.

எதிர்த்தவர்களும் நம்மவர்கள்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். 1947இல் அங்கே போலீசாருடன் மோதலே நடந்தது. கூலி உயர்வு கேட்ட அதே மூச்சில் கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

கள்ளாவது அன்றைக்கு இறக்கி அன்றைக்கே குடிக்கிற பொருள். தென்னம்பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு சில மணி நேரத்தில் தானாகப் புளித்து, ஏறக்குறைய பீர் அளவு வலிமைக்கு வரும். விட்டுவைத்தால் காடியாகிவிடும். பின்னால் பரவிய சம்சு அப்படியில்லை. சின்னப் போத்தல், சில வெள்ளி விலை, வலிமையோ கள்ளைப்போலப் பல மடங்கு. உடம்புக்கு நல்லது என்கிற மாதிரி வாசகத்தோடு வந்த போத்தல்களும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தச் சின்னப் போத்தலோடு போனவர். அவர் கணக்கு எளிமையானது. குறைந்த காசு, சீக்கிரம் போதை. கல்லீரல் கெட்டு அவர் இறந்தபோது அவருக்கு வயது 43, எனக்கு 11. காரியம் முடிந்த பிறகு வீட்டின் பின்பக்கம் வாழை மரத்தடியில் அம்மா காலிப் போத்தல்களைப் பொறுக்கினார். இரண்டு சாக்கு நிறைந்தது. அத்தனையும் சேர்த்து என்ன விலை இருக்கும் என்று அம்மா வாய்விட்டுக் கணக்குப் போட்டது இன்றும் காதில் இருக்கிறது. ஒன்றொன்றும் மலிவுதான். மொத்தம் மலிவாக இல்லை.

மலிவு என்ற சொல் இன்னும் மோசமான இடத்துக்கும் போகும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மது குடித்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் பொருள். நாக்குக்கும் மூக்குக்கும் அதைப் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைத் தாக்கும். பிறகு உயிரை.

கணக்கை மாற்றிப் போடுவோம்

அதனால்தான் தம்பிகளிடம் நான் சொல்வது, போத்தல் விலையைப் பார்க்காதீர்கள், கோப்பை விலையைப் பாருங்கள் என்று. 700 மில்லி போத்தலில் 30 மில்லி அளவில் 23 கோப்பை இருக்கும். 150 வெள்ளி என்றால் ஒரு கோப்பை ஆறரை வெள்ளி. அந்த ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துச் சுவைத்தால் அது மலிவு. அதே போத்தலை நான்கு பேர் ஒரே இரவில் காலி செய்தால், 40 வெள்ளிப் போத்தலானாலும் அது மாமாவின் கணக்குதான்.

அடுத்தது, மெல்ல உறிஞ்சிக் குடிக்கத் தகுந்த டெக்கீலாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போத்தலைத் திருப்பி, ஒட்டியிருக்கும் தாளைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

டெக்கீலா நீல அகாவேயிலிருந்து வருகிறது. நம் ஊரில் ஆனைக்கற்றாழை என்போமே, அந்தக் குடும்பம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், மேலும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்வதற்கு மட்டுமே அந்தப் பெயர். ஒரு செடி முற்ற ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். ரப்பர் கன்றும் வெட்டுக்கு வர ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். இலைகளைச் சீவி அடிக்கிழங்கை எடுக்கும் தொழிலாளிக்கு 'ஹிமடோர்' என்று பெயர். நீண்ட கைப்பிடியுள்ள கோவா என்ற கருவியோடு வெயிலில் நிற்கும் அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பால்வெட்டும் கத்தியோடு நிற்கும் தாத்தாதான் ஞாபகம் வருகிறார். அந்தக் கிழங்கை வேக வைத்து, சாறு பிழிந்து, புளிக்க வைத்து, காய்ச்சி வடிப்பார்கள். வெந்த அகாவேயின் வாசனை சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நினைவூட்டும். நல்ல டெக்கீலாவில் அது தெரிய வேண்டும்.

தாளில் முதலில் தேட வேண்டியது '100 விழுக்காடு அகாவே' என்ற வாசகம். அது இல்லையென்றால், சர்க்கரையில் 51 விழுக்காடு மட்டும் அகாவேயிலிருந்து வந்தால் போதும் என்பது மெக்சிகோ விதி. மீதி கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். உப்பும் எலுமிச்சையும் வைத்து ஒரே மடக்கில் விழுங்குவது பெரும்பாலும் இந்த வகை. இதில் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஹோசே குவேர்வோ எஸ்பெஷல் கலப்பு வகை, அதே நிறுவனத்தின் டிரடிசியோனால் 100 விழுக்காடு அகாவே. ஓல்மெக்கா கலப்பு, ஓல்மெக்கா ஆல்டோஸ் 100 விழுக்காடு. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவாக இருக்கலாம். குடித்தால் வித்தியாசம் மிகப் பெரியது. எல் ஹிமடோர், எஸ்போலோன் இரண்டும் 100 விழுக்காடு வகையில் எட்டுகிற விலைக்கு வருபவை. பிரபலங்களின் பெயரோடு வரும் போத்தல்களில் நாம் விளம்பரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம்.

இரண்டாவது, நிறத்தில் மயங்காதீர்கள். பொன்னிறம் என்றால் உயர்ந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். 'பிளாங்கோ' என்பது மர பீப்பாயில் வைக்காத, அல்லது இரண்டு மாதத்துக்குள் எடுத்த வகை. இரண்டு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் 'ரெபொசாடோ'. ஓராண்டிலிருந்து மூன்றாண்டு 'அன்யெஹோ'. அதற்கு மேல் 'எக்ஸ்ட்ரா அன்யெஹோ'. வயது ஏற ஏற விலையும் ஏறும். விலை மலிவான பொன்னிறப் போத்தல்களில் பலவற்றின் நிறம் பீப்பாயிலிருந்து வந்ததில்லை, கருக்கிய சர்க்கரையிலிருந்து வந்தது. குறைந்த செலவில் நல்ல சுவை வேண்டுமென்றால் பிளாங்கோவில் தொடங்குங்கள். அதில் குறையை மறைக்க நிறமோ மர வாசனையோ இல்லை.

மூன்றாவது, 'நோம்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண். அது வடிசாலையின் எண். வேறு வேறு பெயரில் விற்கும் பல டெக்கீலாக்கள் ஒரே வடிசாலையிலிருந்து வருவதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

நான்காவது, நம் நாட்டுக்கே உரியது. சுங்கத்துறையின் வரி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மதுவின் விலையில் பெரும்பங்கு வரி. மற்றக் கடைகளில் 150 வெள்ளிக்கு விற்பதை ஒருவர் காரின் பின்பக்கத்திலிருந்து 60 வெள்ளிக்குக் கொடுத்தால் அது மலிவு இல்லை. கடத்தலாக இருக்கும், அல்லது போலியாக இருக்கும். 2018ஐ மறக்க வேண்டாம்.

தென்னைக்கும் பங்கு உண்டு

இதைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்று. டெக்கீலாவுக்கு வெகு காலம் முன்பே மெக்சிகோ மக்கள் அகாவேச் சாற்றைக் கள்போலப் புளிக்க வைத்துப் 'புல்கே' என்று குடித்தார்கள். காய்ச்சி வடிப்பது எப்படி வந்தது? 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் போன பிலிப்பீன்ஸ் மாலுமிகள் சிலர் மெக்சிகோவின் கொலிமா கடற்கரையில் தங்கி, தென்னையில் கள் இறக்கி, அதை வடித்து விற்றார்கள். அவர்கள் கொண்டுபோன வடிகலமும் முறையும்தான் பிறகு அகாவேக்கும் பயன்பட்டது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இன்றும் கொலிமா தெருக்களில் 'துபா' என்ற பெயரில் தென்னஞ்சாறு விற்கிறது. பளபளப்பான மதுக்கூடங்களில் நிற்கும் போத்தலின் பூர்வீகத்தில் ஒரு தென்னை மரமும், அதில் ஏறிய ஆசியத் தொழிலாளியும் இருக்கிறார்கள்.

குடிக்கும் முறை

சின்ன வைன் கோப்பை போதும். 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் மூக்கு எரியாது. முதல் மிடறு நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும். பக்கத்தில் தண்ணீர் கட்டாயம். வயிற்றில் ஏற்கனவே சோறு இருக்க வேண்டும். கொறிக்க வறுத்த கச்சானும் ஆரஞ்சுத் துண்டும் பொருத்தம். ஐஸ் போட்டு மரத்துப் போகச் செய்தால்தான் குடிக்க முடிகிறது என்றால், அடுத்த முறை வேறு போத்தல் வாங்குங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு கோப்பைகூட வேண்டாம். 2020இல் சட்டம் திருத்தப்பட்டு, 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்த அளவு 50 ஆகக் குறைந்துவிட்டது.

இவ்வளவும் நான் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "கள்ளு, சம்சு, இப்ப இது. பேருதான் புதுசு. எல்லாம் ஒரே குடிதான்" என்றார். தம்பி வாதாட வாயெடுத்தான், நான் தடுத்தேன். இரண்டு சாக்குப் போத்தல் பொறுக்கிய கைக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. நல்ல டெக்கீலாவும் கல்லீரலுக்கு மதுதான். அகாவே என்றால் உடம்பு விட்டுக்கொடுக்காது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை அம்மாவிடம் சொன்னேன். தாத்தாவுக்கு ஒரே கடை. மாமாவுக்குக் கையில் இருந்த சில வெள்ளி. தம்பிக்குப் படிக்கத் தெரியும், ஒதுக்கப் பணம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம்பியைப் பார்த்து, "அந்தப் போத்தல் எத்தன மாசம் வரும்?" என்று கேட்டார்.

"மூணு மாசம் வரும்மா."

"பாக்கலாம்" என்றார். கருப்பு மை பேனாவை எடுத்து, போத்தலின் மேல் அன்றைய தேதியை எழுதி வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் போத்தலிலும் வாங்கிய தேதி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் எழுதிப் பாருங்கள். விலைச்சீட்டு சொல்லாததை அந்தத் தேதி சொல்லும்.