கோத்திரம்: கொலோனியல் நம்பர்!

"கோத்திரம், நட்சத்திரம் சொல்லுங்கோ!"

சிதம்பரத்தில் தீட்சிதர் கேட்டதும் டர்பன்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து, "கொலோனியல் நம்பர் இருக்கு. போதுமா?" என்றார்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் ஆபீஸ் நண்பனுக்குத் தெரிந்தவர் அவர். ஐந்து தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கா. "தாத்தாவோட தாத்தா ஊரைத் தேடணுமாம். கூட வர்றியா?" என்றான் நண்பன். சனி, ஞாயிறு லீவு. காரும் சாப்பாடும் அவர் செலவு. கசக்குமா?

கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்கள் நேட்டாலுக்குக் கப்பலேறியது 1860-ல் ஆரம்பம். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், அந்த வருஷம் நவம்பர் 16-ல் டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷச் சம்பளம் மாசம் பத்து ஷில்லிங்.

வெள்ளைக்காரன் கணக்கில் புலி. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டு, பெயர், அப்பா பெயர், வயசு, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் அடையாளம் என்று கப்பல் லிஸ்ட்டில் ஏற்றிவிட்டான். அமெரிக்காவில் பரம்பரை தேடுகிறவர்கள் சென்ஸஸையும் சர்ச் பதிவேட்டையும் புரட்டுவார்கள். இவர்களுக்கு இந்த லிஸ்ட்தான் ஜாதகம்!

நம்மவர் காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 1878. வயசு 22. தென்னாற்காடு, கடலூர். வலது முழங்காலில் தழும்பு. ஊர்ப் பெயர்தான் வில்லன். யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் கிறுக்கியதில், கடைசியில் வரும் 'குப்பம்' மட்டும்தான் தெளிவு.

கடலூரில் போய், "குப்பம் எங்கே இருக்கு?" என்று கேட்பது, தி.நகரில் நின்று ஜவுளிக்கடை எங்கே என்று கேட்கிற மாதிரி! மஞ்சக்குப்பம், சோனங்குப்பம், நெல்லிக்குப்பம்... சுற்றினோம், சுற்றினோம், சுற்றிக்கொண்டே இருந்தோம்.

நடுவே தேவனாம்பட்டினம். செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாட்டைக் காட்டி, "1690-ல் கம்பெனி இதை வாங்கினப்போ மெட்ராஸ் கவர்னர் எலிஹூ யேல். அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்தவர். யேல் யுனிவர்சிட்டியே அவர் பேர்லதான்!" என்று எடுத்துவிட்டேன்.

"அவருக்கு யுனிவர்சிட்டி இருக்கு. எங்க தாத்தாவுக்கு முழங்கால் தழும்புதான்" என்றார் மனுஷர்.

வாயை மூடிக்கொண்டேன்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளைப் பார்த்ததும், "இங்கேயே கரும்பு இருக்கே! அப்புறம் ஏன் அவ்வளவு தூரம் போனார்?" என்றார். தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டையே உலுக்கியிருந்த நேரம் அது. வயிறு காய்ந்தவனுக்குத் தூரம் என்ன, கிட்டம் என்ன?

டீக்கடைப் பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "தம்பி, நீ யாரு வூட்டுப் புள்ள?"

இவர் முழுப் பெயரைச் சொன்னார். கடைசியில் 'படையாச்சி'. அங்கே கவுண்டர் 'கவெண்டர்' ஆகிவிட்டார், முதலி 'மூட்லி' ஆகிவிட்டார். படையாச்சி மட்டும் அதிகம் அடிபடாமல் தப்பித்திருக்கிறார்!

"நானும் படையாச்சிதான். அப்ப ஒறமொறதான். டீக்குக் காசு வாணாம்!" என்றார் பெரியவர்.

ஊர் கிடைக்கவில்லை. ஓசி டீ கிடைத்தது. டர்பன்காரர் அந்த டீயை ரொம்ப நேரம் வைத்துக் குடித்தார்.

மறுநாள் சிதம்பரம். 'தில்லை, தில்லை' என்று அவர் பாட்டி டர்பனில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாராம். கொலோனியல் நம்பரைக் கேட்ட தீட்சிதர் சிரிக்கவில்லை. "நம்பரெல்லாம் வேண்டாம். சிவ கோத்திரம்னு சொல்லிடறேன். பேர் சொல்லுங்கோ" என்றார்.

ரகசியத் திரை விலகியது. வெற்றிடம். அதில் தங்க வில்வ மாலை மட்டும்.

"ஒண்ணுமே இல்லையே?" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"அதான் ரகசியம்!"

காகிதத்தை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது சாதாரணமாகக் கேட்டார். "உங்க தாத்தாவோட தாத்தா பேர் என்ன?"

தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா... ஊரை விட்டு எங்கேயும் போகாத குடும்பம் எங்களுடையது. நம்பரும் இல்லை, தழும்பும் இல்லை, பெயரும் தெரியவில்லை!

அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டேன். "அம்மா, நம்ம கொள்ளுத் தாத்தா பேர் என்ன?"

அம்மா பதறிவிட்டாள். "ஏண்டா, எவனாவது சொத்துல பங்கு கேட்டு வந்திருக்கானா?"