சிறு பெட்டியுட் கணினி

தெமோதரைப் புகையிரத நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி, குன்றைச் சுற்றி வளைந்திறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே அமைந்த சுரங்கத்தினுள் நுழைகின்றது. 1924இல் பதுளையை எட்டிய அப்பாதையை வகுத்தோர், இடம் போதாதவிடத்து வழியை மடித்து அமைத்தனர். சிறு பெட்டிகளிற் கணினியைத் தாமே பூட்டி அமைக்கும் நம் இளைஞர்க்கு இஃதொரு நற்பாடம்.

தைவானின் வியா நிறுவனம் 2001இல் ‘மினி ஐடிஎக்ஸ்’ எனும் தாய்ப்பலகை அளவினை வெளியிட்டது. நீளமும் அகலமும் 170 மில்லிமீற்றரே. அதனைக்கொண்டு 10 லீற்றருக்குங் குறைந்த பெட்டியில் வலிய கணினியொன்றை அடக்கலாம். ஆயின், விசிறியின் உயரம், மின்வழங்கியின் பருமன், வடங்கள் செல்லும் வழி ஆகியன வாங்குமுன்னரே அளந்து கொள்ளத்தக்கன. வெப்பம் வெளியேற வழியின்றேல் இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மலைநாட்டுக் குளிரும் அதற்கு உதவாது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைகளில் நம்மவர் பலர் இன்றும் வாழ்கின்றனர். அங்கே கணினிக்கு இடங்கேட்பது, பிள்ளை படுக்கும் பாயின் ஓரத்தைக் கேட்பதாகும். சிறு உறுப்புகள் விலை கூடியனவெனினும், அலுவலகங்கள் கழித்து விற்கும் சிறு கணினிகளைச் செப்பனிட்டும் பயன்கொள்ளலாம்.

ஆதலின், கல்லூரிக் கண்காட்சியில் இவற்றை வைப்போர் வண்ண விளக்குகளை மட்டுங் காட்டி அமையாது, மூடியைக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் அவ்விடத்தில் அமைந்த காரணத்தை மாணவர்க்கு விளக்குவாராக. கண்டு வியப்போரினும் கற்று அமைப்போர் பெருகுதலே நமது விருப்பம்.