ஐந்தில் ஒன்று மட்டும்

இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றுவது பெரிய வித்தையில்லை. எங்கே ஏற்றக்கூடாதோ அங்கே ஏற்றாமல் விடுவதுதான் வித்தை. ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் ஆட்டோகிளேவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான் :-)

புதிதாகச் சேர்ந்த பீகார்ப் பையன் ஒருநாள் கேட்டான்: "சார், பல்லேடியம்-கார்பன் போட்டால் மலிவாக முடியுமே, எதற்கு ரோடியம்?" நியாயமான கேள்வி. ஐவர்மெக்டின் கதையைச் சொன்னேன்.

ஜப்பான் மண்ணிலிருந்து சதோஷி ஒமுரா பிரித்தெடுத்த பாக்டீரியா தருவது அவர்மெக்டின். பெரிய வளைய மூலக்கூறு. அதில் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புகள் ஐந்து. வில்லியம் கேம்ப்பெல் வேலை பார்த்த மெர்க் கம்பெனியில், 22, 23-ஆம் கார்பன்களுக்கு நடுவே இருப்பதில் மட்டும் ஹைட்ரஜனை ஏற்றினார்கள். மற்ற நான்கும் அப்படியே! கூடியது இரண்டே அணுக்கள். மூலக்கூறு எடை 873-லிருந்து 875. ஏற்றாதது அபாமெக்டின் என்ற பெயரில் பயிர்ப்பூச்சி மருந்து. ஏற்றியது மனிதன் விழுங்கும் மாத்திரை. (ஒமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல்.)

எப்படி ஆள் பார்த்து ஏற்றுகிறது? வில்கின்சன் வினையூக்கியில் ரோடியத்தைச் சுற்றிக் குண்டு குண்டாக மூன்று டிரைஃபீனைல்பாஸ்ஃபீன்கள். ஒன்று விலகினால்தான் இடம். அந்தச் சந்தில் சைக்கிள் நுழையும், மாட்டு வண்டி நுழையாது. 22-23 பிணைப்பில் இருப்பது இரண்டே தொகுதிகள், இரண்டும் ஒரே பக்கம். மறுபக்கம் காலி. மற்றவற்றில் மூன்றில் நெரிசல், ஒன்று டிரான்ஸ். பல்லேடியம் இவ்வளவு பேதம் பார்க்காது.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊரில் இந்த மாத்திரையைக் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார்கள் சார். பாட்டிக்கு யானைக்கால்" என்றான். கும்பகோணத்துக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன?

டி.ஈ.சி., அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினும் சேர்த்துக் கொடுப்பது இந்தியாவில் 2018-ல் தொடங்கியது. வீங்கிய கால் இதனால் வற்றாது. ரத்தத்தில் திரியும் குட்டிப்புழுக்கள் ஒழிந்தால், கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. பாட்டிக்குப் பிரயோஜனமில்லை, பேத்திக்கு உண்டு.

அதனால், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், கடும் நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை வீடு தேடி வந்தால் "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.